மஞ்சக்குப்பம் கடையில் பயர்பாக்ஸ்: இருபது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தட்டச்சு, ஜெராக்ஸ், இணைய விண்ணப்பம் ஆகியவற்றுக்கான சிறு கடையை 2005-ஆம் ஆண்டு தொடங்கினேன். 256 எம்.பி. நினைவகம் கொண்ட நான்கு கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பியும், இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவியாக இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-உம் இருந்தன. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஐந்து விளம்பரச் சாளரங்கள் தாமாகத் திறந்துகொள்ளும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதேனும் ஒரு கணினியை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். புதுச்சேரியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பயர்பாக்ஸ் 1.0 என்ற வேறோர் உலாவி இருந்த குறுந்தகட்டைக் கொடுத்தார். நான்கு கணினிகளிலும் நிறுவிய பின் அந்த வாராந்தர வேலை வெகுவாகக் குறைந்தது. அன்று தொடங்கிய பயன்பாடு இன்றும் தொடர்கிறது.

அது இலவசமாகக் கிடைத்த காரணத்தை அறிய விரும்பி அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். எக்ஸ்புளோரரிடம் சந்தையை இழந்துகொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனம், தன் உலாவியின் மூலநிரலை (அதை உருவாக்கிய நிரல் வரிகளை) எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று 1998 ஜனவரி 22 அன்று அறிவித்து, மார்ச் 31 அன்று வெளியிட்டது. ஆனால் அந்தப் பழைய நிரலின் மேல் கட்டுவது இயலாது என்று அதே ஆண்டின் அக்டோபரிலேயே முடிவாகி, பக்கங்களை வரைந்து காட்டும் கெக்கோ என்ற புதிய இயந்திரத்தைச் சார்ந்து ஏறத்தாழ எல்லாவற்றையும் மீண்டும் எழுதத் தொடங்கினார்கள். அதன் விளைவான மொசில்லா 1.0 என்ற உலாவித் தொகுப்பு வெளிவந்தது 2002 ஜூன் 5 அன்றுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் உலகின் பெரும்பகுதி எக்ஸ்புளோரரிடம் போய்விட்டது. அந்த மறுஎழுத்தைத் தவறென்று சொல்பவர்கள் உண்டு. ஆயினும் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த பயர்பாக்ஸ் அந்த நான்காண்டு உழைப்பின் விளைவே என்பதால் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

மொசில்லாவின் கனத்தைக் குறைத்துத் தனி உலாவியாகப் பிரித்தெடுத்த முயற்சி பீனிக்ஸ் என்றும், பின்னர் பயர்பேர்ட் என்றும் பெயர் பெற்றது. இரண்டு பெயர்களும் பிறருக்கு உரியவையாக இருந்தமையால், 2004 பிப்ரவரியில் பயர்பாக்ஸ் என்ற பெயர் நிலைத்தது. நெட்ஸ்கேப்பை வாங்கியிருந்த ஏ.ஓ.எல். நிறுவனம் 2003-இல் விலகிக்கொண்டபோது, அது கொடுத்த 20 லட்சம் டாலரைத் தொடக்க நிதியாகக் கொண்டு மொசில்லா அறக்கட்டளை உருவானது. 2004 நவம்பர் 9 அன்று 1.0 பதிப்பு வந்ததும், பயனர்களே பணம் திரட்டி டிசம்பர் 16 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். பணம் கொடுத்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் அதில் அச்சாகியிருந்தன. கோயில் திருப்பணிக் கல்வெட்டில் உபயதாரர் பெயர்களைப் படித்துப் பழகிய நமக்கு அந்தப் பக்கத்தின் பொருள் எளிதில் விளங்கும்.

தமிழைக் காட்டுவதில் மட்டும் தொடக்கத்தில் பெருங்குறை இருந்தது. இருபுறமும் சீராக்கப்பட்ட பத்தி என்றால் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஓரிடத்திலும் மெய் வேறோரிடத்திலுமாகச் சிதறித் தெரியும். அத்தகைய பக்கங்களுக்கு மட்டும் எக்ஸ்புளோரரைத் திறந்து கொடுப்பேன். ஒருங்குறி (யூனிகோடு) எழுத்து முறைக்கு மாறாத தளங்களைப் படிக்க, உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரலான பத்மா என்ற நீட்சி உதவியது. 2008 ஜூன் 17 அன்று வந்த மூன்றாம் பதிப்பில் எழுத்து வரையும் பகுதி புதிதாக எழுதப்பட்டிருந்ததால் அந்தச் சிதறல் நின்றது. அப்பதிப்பு 24 மணி நேரத்தில் 80,02,530 முறை பதிவிறக்கப்பட்டுக் கின்னஸ் சாதனையானது. எனக்கோ, சீராக்கிய பத்தியில் 'கொடுக்கிறோம்' என்ற சொல் உடையாமல் நின்ற காட்சியே போதுமானதாக இருந்தது.

மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் நான் அதிகம் நம்பியது, இரண்டாம் பதிப்பில் வந்த அமர்வு மீட்பு வசதியையே. அரைமணி நேரம் நிரப்பிய விண்ணப்பம் மின்சாரம் போனதும் மறையும். மீண்டும் திறந்தால் பெரும்பாலும் தட்டச்சிட்ட சொற்களோடு அந்தப் பக்கம் திரும்பி வரும். ஆனால் பொதுக் கணினியில் இதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. மூடும்போது வரலாறும், உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கிகளும் அழிய வேண்டும் என்று நான் வைத்திருக்கும் அமைப்பு, உலாவியை முறையாக மூடும்போது வேலை செய்யும். மின்சாரம் போய் நின்றால் அதை முழுதாக நம்ப முடியாது. முன்பு உட்கார்ந்திருந்தவரின் மின்னஞ்சல் அடுத்தவர் கண்ணில் படலாம். ஆகவே மின்சாரம் வந்ததும் எல்லாக் கணினிகளையும் நானே முதலில் திறந்து, உரியவர் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே இடம் கொடுப்பதை வழக்கமாக்கினேன். கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு கடினமாக இருந்தது. மார்ச்சில் வந்த 52-ஆம் பதிப்பு, பிளாஷ் தவிர்த்த பழைய செருகுநிரல்களை (உலாவிக்குள் இயங்கும் பிற நிறுவனங்களின் நிரல்களை) கைவிட்டது. மின்னணு ஒப்பந்தப்புள்ளி அனுப்ப என் கடைக்கு வரும் ஒப்பந்ததாரர்களின் மின்னணுக் கையொப்பம் அடங்கிய டோக்கன் கருவி, அப்போது ஜாவா செருகுநிரலை நம்பியே இயங்கியது. "தம்பி, நாளை மூணு மணியோட டெண்டர் முடியுது" என்று ஒரு பெரியவர் நின்றபோது, நீண்டகால ஆதரவுப் பதிப்பில் அந்த வசதி நீடிப்பதை அறிந்து, ஒரு கணினியில் அதை நிறுவி அனுப்பிவைத்தேன். ஆதரவு 2018-இல் முடிந்த பின், அந்தக் கணினியில் வேறெந்தத் தளத்தையும் திறக்க அனுமதிக்கவில்லை. 2017 நவம்பர் 14 அன்று வந்த 57-ஆம் பதிப்பில் பழைய முறை நீட்சிகள் அனைத்தும் நின்றன. வினாத்தாள்களைத் தொகுப்பாக இறக்க நான் பயன்படுத்திய டவுன் தெம் ஆல் நீட்சி, 2019-இல் குறைந்த வசதிகளுடனே திரும்பியது. எனினும், மொசில்லாவில் வளர்ந்த ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய பகுதிகள் சேர்ந்ததால், இரட்டைக் கரு கொண்ட என் பழைய கணினிகள் கண்கூடாக வேகம் பெற்றன. இழப்பை உணர்ந்தே சொல்கிறேன்: அந்த மாற்றம் தேவையானது.

தமிழ் இடைமுகத்தை, அதாவது பட்டியல்களும் பொத்தான்களும் தமிழில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயர்பாக்ஸின் தமிழ்ப் பதிப்பில் 'டேப்' என்பதற்குக் 'கீற்று' என்று வைத்திருக்கிறார்கள். தானே புயலில் கூரைகள் பறந்து, கீற்று முடைபவர்களைத் தேடி அலைந்த எங்கள் ஊரில் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வரிசையாக அடுக்கிய கீற்றுகள் போல உலாவியின் மேற்புறம் இருக்கிறது. மொழிபெயர்ப்புத் தளமான பான்டூனில் நானும் சில சொற்றொடர்களைப் பரிந்துரைத்தேன். பரிந்துரையை ஏற்க அனுமதி பெற்ற ஒருவர் பார்த்தாக வேண்டும். அதற்குத் தமிழில் இன்னும் ஆட்கள் வேண்டும்.

2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 பேரை வேலையிலிருந்து நீக்கிய செய்தி என்னை உண்மையில் வருத்தியது. இப்போது சில தளங்கள் குரோம் இல்லாமல் திறக்க மறுக்கின்றன. அவற்றுக்காகவே இரண்டாவது உலாவி ஒன்றை வைத்திருக்கிறேன். ஆனால் விளம்பரத் தடுப்பில் யுபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி முழு வலிமையோடு இயங்குவது பயர்பாக்ஸில்தான். போலியான 'பதிவிறக்கு' பொத்தான்களை அழுத்திவிடும் முதியவர்கள் வரும் கடைக்கு அது பெரும் பாதுகாப்பு. சென்ற மாதம் மூன்று கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவினேன். அதனுடனேயே பயர்பாக்ஸும் வந்தது. தமிழ் இடைமுகத்தை அமைத்து, மூடும்போது எல்லாம் அழியும் அமைப்பைச் சரிபார்த்து, மறுநாள் காலை கடையைத் திறந்தேன்.