பழைய கல், புதிய கலை: எபிடாரஸா, டெலோஸா, ஹைட்ராவா, எலெஃப்சினாவா?

கிரீஸில் கோடை பிறந்தால் இடிபாடுகளுக்கும் வேலை வந்துவிடும். ஏதாவதொரு பழைய அரங்கிலோ கோயில் முற்றத்திலோ இன்றைய கலைஞர் ஒருவர் எதையாவது செய்துகொண்டிருப்பார். "பாரம்பரியம் உயிர்பெறுகிறது" என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். உண்மையிலேயே உயிர் வருகிறதா, அல்லது பழைய கல் போட்டோவுக்குப் பின்னால் நிற்கும் படுதாதானா? இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அந்த இடம் கலைஞரிடம் எதையாவது கேட்கிறதா?

எபிடாரஸிலிருந்து தொடங்கலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டிய அரங்கம். சுண்ணாம்புக்கல்லில் 55 வரிசைகள். அதில் 34 பழையது, மேலே 21 பிற்பாடு சேர்த்தது. சுற்றி இருந்தது அஸ்கிலேபியஸின் கோயில். கிரேக்க வைத்தியக் கடவுளான இவர், அப்பல்லோ என்ற இன்னொரு கடவுளின் மகன். அப்பல்லோ என்றதும் நமக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில் ஒன்றும் தப்பில்லை. நோயாளிகள் கோயிலில் வந்து படுப்பார்கள், கடவுள் கனவில் வந்து வைத்தியம் சொல்வார் என்பது நம்பிக்கை.

ஏதென்ஸ் எபிடாரஸ் விழா 1955இல் தொடங்கியது. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் இருட்டிய பிறகு இந்த அரங்கில் பழைய கிரேக்க நாடகம். சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை கிடையாது. பகலெல்லாம் வெயில் குடித்த கல் கீழே சுட்டுக்கொண்டிருக்கும். நடுவில் காசு போட்டால் கடைசி வரிசையில் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வது வழக்கம். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலியை அளந்து பார்த்தார்கள். ஏதோ சத்தம் என்று மேலே வரை தெரியுமாம். காசுதான் என்று கண்டுபிடிக்கப் பாதி தூரம்தான். கிசுகிசுப்பு முன்வரிசைகளோடு சரி, குரலை எடுத்துப் பேசினால் கடைசி வரை புரியும். வழிகாட்டிகளுக்கு வருத்தமாக இருந்திருக்கும். எனக்கு இந்த முடிவுதான் பிடித்தது. அரங்கம் மாயம் செய்யவில்லை, நடிகரிடம் குரலைக் கேட்கிறது. 2,300 ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கூலி.

பார்வையாளர்களும் சும்மா இருப்பதில்லை. 2008இல் ரஷ்ய இயக்குநர் அனதோலி வசீலியெவ் இங்கே 'மெடியா' என்ற பழைய கிரேக்க நாடகத்தைப் போட்டபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அநாகரிகம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தக் காலத்திலேயே நாடகங்களைப் போட்டிக்கு விட்டுப் பரிசு கொடுத்த ஊர்க்காரர்கள் இவர்கள். மியூசியப் பொருளைப் பார்த்து யாரும் கூச்சல் போடுவதில்லை.

அடுத்து இரண்டு தீவுகள், இரண்டிலும் அப்பல்லோ. டெலோஸ் அவர் பிறந்த தீவு. மிக்கோனோஸிலிருந்து படகில் அரை மணி நேரம். இரவு தங்க முடியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டி அகற்றிவிட்டு, இனி இந்த மண்ணில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது என்று விதித்தார்கள். 2019 மே முதல் அக்டோபர் வரை பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லி அங்கே 29 இரும்பு உருவங்களை நிறுத்தினார். கரையில், இடிந்த வீடுகளுக்கு நடுவில், குன்றின் மேல் என்று. பெரும்பாலானவை அவருடைய உடம்பளவையே ஆதாரமாகக் கொண்டவை.

டெலோஸின் பேர்போன பளிங்குச் சிங்கங்கள் இன்று வெளியே நிற்பவை நகல்கள். காற்றும் உப்பும் அரித்துவிடும் என்று அசலை மியூசியத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கோடையில் தீவுக்குப் போனவர்கள் நகல் சிங்கத்தையும், அதே காற்றில் துருவேறி நின்ற அசல் இரும்பு மனிதனையும் பார்த்திருப்பார்கள். யாரும் பிறக்கவும் சாகவும் கூடாத தீவில் மனித உடம்பை நிறுத்தியது நல்ல யோசனை. இடம் கேட்டது பணிவு, கோர்ம்லி கொடுத்தார். ஆனால் அக்டோபரோடு உருவங்கள் போய்விட்டன, அதோடு முடிந்தது.

கார் ஓடாத ஹைட்ரா தீவில் கதை வேறு. டெஸ்டே என்ற கலை அறக்கட்டளை 2009 முதல் பழைய கசாப்புக்கூடம் ஒன்றில் கோடைதோறும் ஒரு கலைஞருக்கு இடம் கொடுக்கிறது. 2022இல் அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் வந்து, காற்றில் சுழலும் பளபளப்பான சூரிய முகத்தை அங்கே வைத்தார். உள்ளே யாழ் ஏந்திய வண்ண அப்பல்லோ, கூடவே அசைகிற பாம்பு. சிலைக்கு வண்ணம் அடித்தது மட்டும் வரலாற்றுக்குப் பக்கத்தில் வருகிறது. கிரேக்கர்கள் சிலைகளை வெள்ளையாக விட்டதில்லை. மற்றபடி அந்தக் கூடத்துக்கும் அப்பல்லோவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

'டாக்குமென்டா'வை இந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. 2017இல் அந்த ஜெர்மன் கண்காட்சி 'ஏதென்ஸிடமிருந்து கற்றல்' என்ற பெயரில் ஏதென்ஸுக்கே வந்தது. ஆனால் கிரீஸை நினைவூட்டிய அதன் பெரிய படைப்பு, தடைசெய்யப்பட்ட புத்தகங்களைக் கொண்டு கலைஞர் மார்த்தா மினுஹீன் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் வடிவில் எழுப்பியது, ஜெர்மனியின் காசல் நகரில் நின்றது!

கடைசியாக எலெஃப்சினா. பழைய பெயர் எலியூசிஸ், பழைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் சொந்த ஊர். இன்றைக்குப் போனால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கிகளும், விரிகுடாவில் துருப்பிடித்த கப்பல்களும்தான் வரவேற்கும். டெமீட்டர், பெர்செபனி என்ற தாய், மகள் தெய்வங்கள் பேரில் அந்தக் காலத்தில் இங்கே நடந்த ரகசியச் சடங்கில் என்ன நடந்தது என்று வெளியே சொல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. விளைவு, முழு விவரம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 2023இல் இந்தத் தொழில் நகரம் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமாக இருந்தது. நிகழ்ச்சிகளுக்கே 'மர்மங்கள்' என்று எண் போட்டுப் பெயர் வைத்தார்கள். பழைய எண்ணெய், சோப்பு ஆலையின் இடிபாடுகளும் அரங்கமாயின. இத்தாலிய இயக்குநர் ரோமியோ காஸ்தெலூச்சி தொல்லியல் வளாகத்துக்குள்ளேயே நிகழ்த்தினார்.

எபிடாரஸில் கையில் நாடகப் பிரதி இருக்கிறது. ஒரு வரியை மாற்றினாலும் கேட்க ஆள் உண்டு. எலெஃப்சினாவில் பிரதியே இல்லை. ஒரு ரகசியத்தின் விளிம்பில் நின்று கலைஞர் தன்னிடமிருப்பதைப் போட்டாக வேண்டும். இந்த இடங்கள் கலைஞரிடம் கேட்பதில் கடினமானது இதுதான்; அதனால் என் ஓட்டு எலெஃப்சினாவுக்கு. ஒரே ஒரு இரவுதான் கையில் இருக்கிறது என்றால் எபிடாரஸுக்கே போங்கள், நாடகத்தை முன்கூட்டியே ஒருதடவை படித்துவிட்டு, உட்கார மெத்தை ஒன்றும் எடுத்துக்கொண்டு. அடுத்த நாள் மிச்சமிருந்தால் ஏதென்ஸிலிருந்து 'இயெரா ஓதோஸ்' வழியே மேற்கே போகலாம். 'புனிதப் பாதை' என்று பொருள். யாத்ரீகர்கள் எலியூசிஸுக்கு நடந்த 20 கிலோமீட்டர் வழி அதுதான். இப்போது லாரிகள் ஓடும் சாதாரணத் தார்ச்சாலை, பெயர் மட்டும் மாறவில்லை.