பெல்லட்டை நிறுப்பதா, தலையை அளப்பதா?

எனக்கு ஆரல்வாய்மொழியில் வீடு. கணவாய்க் காற்றை நம்பித்தான் பக்கத்து முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு நடுவே உட்கார்ந்து, மில்லிகிராம் காட்டும் தராசில் மூன்று மாதம் ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டை நிறுத்தேன். போன வாரம் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

10 மீட்டர் சுடுகிறவர்கள் பெல்லட்டைத் தரம் பிரிப்பது இரண்டு விதமாக. ஒவ்வொன்றாக நிறுத்து ஒரே எடையுள்ளவற்றைச் சேர்ப்பது ஒன்று. பெல்லட்டின் முன்பக்கமான தலையின் விட்டத்தை அளந்து சேர்ப்பது இன்னொன்று. நல்ல டின்னாக வாங்குவது, ஸ்கர்ட் எனும் பின்பக்க விளிம்பு நசுங்கியதைக் கண்ணால் பார்த்துத் தூக்கிப் போடுவது, ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் இரண்டுக்கும் பொது.

தராசு வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி ஒருவர் இரவல் தந்தது. தரும்போதே, "காத்து வார எடத்துல மில்லி பாக்காத மக்கா, சவம் ஆடிட்டே கெடக்கும்" என்றார். அப்படியே ஆடியது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கண்ணாடி மூடியைக் கவிழ்த்தால்தான் கடைசி இலக்கம் நிற்கும். அதற்குள் நெற்றி வியர்வை தட்டில் விழும். 500 பெல்லட் உள்ள ஒரு டின்னை முடிக்க இரண்டு ராத்திரி ஆனது.

சரி, பாடுபட்டாலும் பலன் உண்டா? ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெல்லட் சுமார் 0.53 கிராம், வேகம் நொடிக்கு 170 மீட்டர். 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஈர்ப்பில் அது 17 மில்லிமீட்டர் தாழும். எடை 5 மில்லிகிராம் கூடினால், அதாவது சுமார் ஒரு சதவீதம், துப்பாக்கி தரும் சக்தி மாறாது என்று வைத்துக்கொண்டால் தாழ்வும் ஒரு சதவீதம்தான் கூடும். 0.17 மில்லிமீட்டர். இலக்குத் தாளில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மில்லிமீட்டர், புள்ளியைத் தசமத்தில் எண்ணினால் 10.3-க்கும் 10.4-க்கும் நடுவே 0.25. இரண்டு ராத்திரி வியர்வையும் ஒரு தசமப் புள்ளிக்குக்கூட எட்டவில்லை. என் டின்னில் 5 மில்லி வித்தியாசமே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

தலை அளவு அப்படியல்ல. பெல்லட், பேரலின் உட்புறச் சுருள் பள்ளங்களைப் பிடித்துச் சுழல்வதில் தலைக்கும் பங்குண்டு. சிறுத்தால் உள்ளே நேராக உட்காராது. பெருத்தால் ஈயம் நசுங்கித்தான் நுழையும். 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டத்தை மில்லிமீட்டரில் டின்னிலேயே அச்சடித்து வருவதற்குக் காரணம் இதுதான். அச்சடித்தபடியே உள்ளே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். நான் வாங்கிய 4.50 டின் ஒன்றில் மூன்று அளவும் கலந்து கிடந்தது.

தலையை அளக்கத் தேவை, வெவ்வேறு அளவில் துளை போட்ட ஒரு தகடு மட்டும். பெல்லட்டைத் தலைகீழாக விட்டால் எந்தத் துளையில் நிற்கிறது, எதில் விழுகிறது என்று பார்த்தால் போதும். காற்றடித்தால் அடிக்கட்டும், கரண்ட் போனால் போகட்டும். துப்பாக்கியை வைஸில் பூட்டி ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாகச் சுட்டேன். 4.49-இல் பத்தும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் ஓட்டை. 4.51-இல் 8. ஒரே பேரல், ஒரே சாயங்காலம். உங்கள் பேரலுக்கு வேறு அளவு பிடிக்கலாம். அதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

50 மீட்டர் சுடுகிறவர்கள் எடையை விடமாட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தூரம் ஐந்து மடங்கானால் தாழ்வு 25 மடங்கையும் தாண்டும்; அந்த 0.17 அங்கே 4 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். நான் 10 மீட்டரைத் தாண்டிச் சுட்டதில்லை, அதனால் அங்கே எனக்குப் பேச்சில்லை.

ஒதுக்கிய 4.51 எல்லாம் தனி டப்பாவில் இருக்கிறது. அண்ணன் மகன் இப்போதுதான் துப்பாக்கியைப் பிடித்து நிற்கப் பழகுகிறான், அவனுக்கு அது தாராளம்.