போட்டோவில் பூத்தையல்: தாளா, கான்வாஸா?

பாட்டியின் கல்யாணப் படத்தில், கொண்டையில் இருக்கும் கனகாம்பரத்துக்கும் புடவைக் கரைக்கும் மட்டும் நூலால் நிறம் கொடுக்க ஆசைப்பட்டேன். போட்டோ தாளில் பிரதி எடுத்துத் தைக்கலாம். கான்வாஸில் அச்சிட்டும் தைக்கலாம். நான் கான்வாஸுக்குப் போனேன். சென்னைவாசிகளுக்கு அதையே சொல்வேன்.

தாளில் செலவு குறைவு, முகம் துல்லியமாக விழும். கோட்டுத் தையல் மட்டும் போடும் சின்னப் படத்துக்கு அது போதும். ஆனால் பூச்சரம் என்றால் பிரெஞ்சு முடிச்சுகள் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சுகள்) நெருங்கி விழ வேண்டும். தாளில் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம்போலக் கிழிந்துவிடும். கான்வாஸ் நெய்த துணி, தாங்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். தாளுக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீட்டுச் சுவர்களே ஈரம் கோத்துக் கிடக்கும். அந்த ஈரம் சட்டத்துக்குள் புகுந்தால் தாள் நெளியும், கண்ணாடியில் ஒட்டும், பூஞ்சையும் பிடிக்கும். ஒட்டிய படத்தைப் பிரித்தால் முகமே உரிந்து வரும். இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தலாம். ஆனாலும் உள்ளே புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது. கான்வாஸுக்குக் கண்ணாடி தேவையில்லை, காற்று படும். சட்டத்தின் பின்புறம் கீழ்முனைகளில் கார்க் துண்டுகளை ஒட்டி, சுவரைத் தொடாமல் மாட்டுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். நூலில் தூசி படியத்தான் செய்யும். மெல்லிய தூரிகையால் தட்டினால் போகும். ஈரத்துணியால் மட்டும் துடைக்காதீர்கள், சிவப்பு நூல் சாயம் விட்டால் படம் பாழ்.

அச்சிடக் கொடுக்கும்போதே பிக்மென்ட் மையா (நுண்ணிய நிறத்துகள்கள் கொண்ட மை) என்று கேளுங்கள். கரையும் சாயத்தால் ஆன டை மையைவிட ஈரத்தையும் வெளிச்சத்தையும் அது நன்றாகத் தாங்கும். சுற்றிலும் மூன்று அங்குலம் வெற்று ஓரம் விடச் சொல்லி, சட்டத்தில் இழுத்து அடிக்காமல் வாங்குங்கள். தைப்பதற்காக எம்பிராய்டரி வட்டச் சட்டத்தில் இறுக்கினால் மேற்பூச்சில் தடம் விழும். ஓரத்தை மரச்சட்டத்தில் குண்டூசியால் பொருத்தித் தைப்பது நல்லது. கூர்முனை ஊசி, ஆறிழை நூலில் இரண்டிழை. பிரித்துத் தைப்பதைக் கூடியவரை தவிருங்கள்: கான்வாஸிலும் துளையைச் சுற்றி வெள்ளைப் பொட்டு தெரியும்.

என் படம் அண்ணாநகர் வீட்டில், வெயில் படாத கூடத்தில் இருக்கிறது. இதுவரை பழுதில்லை. பெசன்ட் நகர்போலக் கடலை ஒட்டிய வீடுகளில் எத்தனை வருடம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே வெள்ளி ஜரிகை வேண்டாம், ஈரக்காற்றில் கறுக்கும். புடவைக் கரைக்கு நான் போட்டது மஞ்சள் பருத்தி நூல்தான்.