வேலையில் மனசு ஒடிஞ்சவங்களுக்கு 14416: எதுக்கு உதவும், எதுக்கு உதவாது

"அது மனநோயாளிகளுக்கான நம்பர்லா? புரமோஷன் கிடைக்கலன்னு அதுக்குப் போன் பண்ணலாமா?" என்று கேட்பவர்கள் நம்ம திருநெல்வேலிப் பக்கம் நிறைய. தாராளமாகப் பண்ணலாம். 14416 என்பது டெலி மானஸ் என்கிற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் எண். இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். வேலைச் சுமை, பதவி கைவிட்டுப் போனது, மேலதிகாரியின் அவமதிப்பு என எதையும் சொல்லலாம். நோய் இருந்தால்தான் பேச வேண்டும் என்று விதி இல்லை.

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவரோ, ரத வீதி ஜவுளிக்கடையில் நிற்பவரோ, ஏமாற்றம் வந்தால் முதலில் கிடைப்பது "விடுங்க அண்ணாச்சி, பாத்துக்கிடலாம்" என்கிற ஆறுதல். அது அன்பான வார்த்தைதான். ஆனால் மூன்றாம் நாளும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டி, அதே மீட்டிங் மனசில் ஓடுகிறது என்றால் அந்த ஆறுதல் போதாது. இந்த லைன் அந்தக் கட்டத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

அழைத்ததும் குரல்பதிவு மொழியைக் கேட்கும். வேலைக்காகக் கேரள சிம் வைத்திருப்பவர்கள் அவசரப்படாமல் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர், டாக்டர் இல்லை. தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றுவார், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வழி சொல்வார். தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம் எல்லாம் விசாரிப்பார். "உயிரை விட்டுரணும்னு எப்பவாவது தோணுச்சா?" என்றும் நேரடியாகக் கேட்பார். பலர் திடுக்கிட்டு போனை வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. 'ஆமா' என்றாலும் 'இல்ல' என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு எந்த அளவு உதவி வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வது அந்தப் பதிலை வைத்துத்தான்.

பேச்சு பயனில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கதையை ஆரம்பிப்பது. அழைக்கும் முன் ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, என்றைக்கு, எதை எதிர்பார்த்தீர்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று மனசில் ஓடுகிறது. இதில் நாலாவது வரிதான் முக்கியம். "வேலைய விட்டுரவா?" என்று கேட்டால் அவர் முடிவு சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. "ராஜினாமா எழுதி வச்சிருக்கேன், நாளைக்குக் குடுக்கணும்னு கை பரபரங்குது" என்று சொன்னால் அந்தப் பரபரப்பைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

அடுத்த சிக்கல் இடம். கூட்டுக் குடும்ப வீட்டிலோ ஆபீஸ் மாடிப்படியிலோ நின்று பேசினால் பாதியை முழுங்கிவிடுவோம். குறுக்குத்துறை ஆற்றங்கரை, சாயங்காலம் வ.உ.சி. மைதானத்து ஓரம் மாதிரி, தெரிந்த காது எட்டாத இடமாகப் பாருங்கள். இரண்டாவது முறை வேறொருவர் எடுக்கலாம். "போன தடவ இன்னது பேசினோம்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களே திரும்ப அழைத்து விசாரிக்கும் ஏற்பாடும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயம் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களுக்கு ரகசிய உரிமை தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் மட்டும் விலக்கு.

இந்த லைன் செய்ய முடியாததும் இருக்கிறது. சம்பளப் பாக்கியை வாங்கித் தராது, மேலதிகாரியிடம் பேசாது. அது உரிமைப் பிரச்சினை. அதற்கு இலவச சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் வக்கீல் உதவி உண்டு. பாலியல் தொல்லை என்றால் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அழுகையும் புகாரும் ஒரே போனில் தீரும் என்று நினைத்து அழைப்பவர்கள்தான் "ஒரு பிரயோஜனமும் இல்ல" என்று வருந்துகிறார்கள்.

ஆத்திரத்தில் விலகுவதற்கு முன் கணக்கும் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பொதுவாக ஐந்து வருடச் சேவைக்குப் பிறகுதான். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம். நாலரை வருடத்தில் கடிதம் கொடுப்பது இழப்பின் மேல் இழப்பு. மேலாளரிடம் காரணம் கேட்பதானால் இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, தனியாகக் கேளுங்கள்: "அடுத்த தடவ இது கிடைக்க நான் எதை மாத்தணும்?" வாட்ஸாப் குரூப்பில் கொட்டிவிட்டால் அது உங்களுக்கு எதிரான ஆதாரமாகத்தான் திரும்பி வரும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனசு கனத்தே கிடக்கிறது, பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது போனோடு நிறுத்த வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுத்துவிடுங்கள். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்துக்காரர்கள், மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று 14416-லேயே கேட்கலாம். மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். ஒரு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதும், நல்லா ஆனதும் டாக்டரைக் கேட்காமல் விடுவதும்தான் பலரை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவிடுகிறது. உயிரை மாய்க்கும் எண்ணம் திட்டமாகவே வந்துவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.