பாத எலும்பு முறிவு: மாவுக்கட்டா, கழற்றி மாட்டும் பூட்ஸா?

மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருப்பதைக் கவனிக்காமல் கால் வைத்தேன். பாதம் உள்பக்கமாக மடங்கியது. சுளுக்குதான் என்று தைலம் தடவிப் படுத்துவிட்டேன். மறுநாள் நாலு எட்டு வைக்க முடியவில்லை. பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டாலே உயிர் போனது. நடுப்பாத வலியோடு இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

சுண்டுவிரலுக்குப் போகும் நீண்ட எலும்பின் அடிநுனி முறிந்திருந்தது, ஆனால் இடம் விட்டு விலகவில்லை. மாவுக்கட்டு போடலாம், கழற்றி மாட்டும் வாக்கர் பூட்ஸும் போதும் என்றார் ஆர்த்தோ டாக்டர். நான் பூட்ஸ் வாங்கினேன். புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்ன அத்தையிடம் எக்ஸ்ரேயைக் காட்டிச் சமாதானம் சொன்னேன்.

மாவுக்கட்டு மலிவு, அசையாது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சென்னையில் அதைப் பராமரிப்பதுதான் பாடு. நாலு வருஷம் முன்பு அம்மாவுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு, அதுவும் மே மாதத்தில். உள்ளே வியர்வை, அரிப்பு. ஸ்கேலை விட்டுச் சொறியவும் கூடாது, தோல் கிழிந்து புண்ணாகிவிடும். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்றி, காலை ஸ்டூலில் தூக்கி வைக்க வேண்டும். ஃபைபர் கட்டும் வெளியேதான் தண்ணீர் தாங்கும். உள்ளே இருக்கும் பஞ்சு நனைந்தால் வம்பு. கட்டைப் பிரித்த பிறகு கணுக்கால் மரத்துண்டு மாதிரி இருந்தது. அது மடங்கவே இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

எனக்கு அந்தத் தொல்லை இல்லை. பூட்ஸைக் கழற்றி உட்கார்ந்தபடி குளித்தேன், நன்றாகத் துடைத்தேன், டாக்டர் சொன்ன நாளிலிருந்து கணுக்காலை மெல்ல மடக்கி நீட்டினேன். ஒரு குறை உண்டு. பூட்ஸ் உயரமானது, அதனால் இடுப்பு வலித்தது. மற்ற காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ போட்டபின் சரியாயிற்று.

ஆனால் இதே எலும்பில் முறிவு கொஞ்சம் முன்னே தள்ளியிருந்தால் கதை வேறு. 1902இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் தன் காலில் பட்டதையே எழுதிய முறிவு அது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு சேரத் தாமதமாகும், சிலருக்கு ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும். அதை நான் அனுபவித்ததில்லை; அங்கே டாக்டர் சொல்வதுதான் முடிவு. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் என்னைப் பார்த்துப் பூட்ஸ் வாங்க வேண்டாம். வலி தெரியாததால் கழற்றிவிட்டு நடந்துவிடுவார்கள். அவர்களுக்குக் கழற்ற முடியாத கட்டே நல்லது.

ஆறாவது வாரம் எனக்கு வலி போய்விட்டது. எக்ஸ்ரேயில் கோடு இன்னும் தெரிகிறதே என்று பதறினேன். படத்தில் மறைய மாதக்கணக்காகும், தொட்டால் வலிக்கிறதா என்றுதான் பார்ப்பேன் என்று டாக்டர் அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. அன்றே பூட்ஸைக் கழற்றச் சொல்லிவிட்டார்.