சயனைடா, டெட்ராசயனோஎத்திலீனா, பைரசீனா? அறை வெப்பநிலையில் தாங்கும் மூலக்கூறு காந்தங்கள்

உலோக அயனிகளை ஈனிகளால் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள் அல்லது அயனிகளால்) கோத்துக் கட்டும் அணைவுப் பலபடிகளில் காந்தம் கிடைப்பது அரிதல்ல. அது அறை வெப்பநிலையிலும் நிலைப்பதுதான் அரிது. இரும்பு–சயனைடு நிறமியான பிரஷ்யன் நீலம்கூட 5.6 கெல்வினைத் தாண்டினால் காந்தமாக இருப்பதில்லை. உலோகங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒன்றின் ஸ்பின் (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) அடுத்ததை எட்ட நடுவிலுள்ள ஈனிதான் வழி. அதனால் போட்டி கரிம ஈனிகளுக்கு, அதாவது கார்பன் சார்ந்த ஈனிகளுக்கு, இடையில்தான்.

சயனைடைக் கரிம ஈனியில் சேர்ப்பதா என்று சண்டை போடலாம். இங்கே சேர்த்துக்கொள்வோம். 1995இல் வெர்டாகர் குழு பிரஷ்யன் நீலத்தின் கட்டமைப்பில் வனேடியத்தையும் குரோமியத்தையும் வைத்து கியூரி வெப்பநிலையை (அதைத் தாண்டினால் காந்தத்தன்மை போய்விடும்) 315 கெல்வினுக்கு ஏற்றியது. அதாவது 42 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலே அதைத் தொட்டுவிடும். 1999இல் ஹோம்ஸும் ஜிரோலாமியும் 376 கெல்வினை எட்டினார்கள். எந்த உலோகத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை எலக்ட்ரான்கள் இருக்கும் ஆர்பிட்டால்களை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது இந்த வகையின் பெருமை. ஆனால் சயனைடுக்குச் சொந்த ஸ்பின் கிடையாது, வெறும் பாலம்.

டெட்ராசயனோஎத்திலீன் அப்படியல்ல. எலக்ட்ரானை வாங்கித் தனி உறுப்பாகி (ஜோடியில்லா எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறாகி), தானே ஸ்பினைச் சுமக்கிறது. மில்லரும் எப்ஸ்டைனும் 1991இல் இதை வனேடியத்துடன் சேர்த்துச் செய்த காந்தம், 350 கெல்வின் வாக்கில் சிதைவது வரை காந்தமாகவே இருந்தது. படிக அமைப்பு ஒழுங்கில்லாதது, காற்றுப் பட்டால் கெடும். ஆனால் மெல்லிய படலமாக, ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸிலேயே படியவைக்கலாம். மைக்ரோவேவ் ஆற்றலைக் குறைவாகவே இழப்பதில், அதற்குப் பேர்போன இட்ரியம் இரும்பு கார்னெட்டுக்கு நிகராக நிற்கிறது. அது சின்ன விஷயமில்லை.

பைரசீனும் இதே வழிதான், கூடுதலாகப் போகிறது. குரோமியம்–பைரசீன் வலையை முதலில் கட்டி, அப்புறம் லித்தியம் சார்ந்த ஒடுக்கியால் பைரசீனுக்கு எலக்ட்ரான் ஏற்றினார்கள் கிளெராக்கும் பெடர்சனும். 2020இல் வெளியான அந்தப் பொருளுக்குக் கியூரி வெப்பநிலை சுமார் 515 கெல்வின். அறை வெப்பநிலையில் காந்த நீக்குத்திறன் 7500 எர்ஸ்டெட். அதாவது, ஒருமுறை காந்தமாக்கினால் எளிதில் விட்டுக்கொடுக்காது. மற்ற இரண்டும் மென்காந்தங்கள், இந்த இடத்தில் கிட்டவே வர முடியாது.

நிரந்தரக் காந்தம் வேண்டுமென்றால் என் ஓட்டு பைரசீனுக்கு. மைக்ரோவேவ் சாதனம் என்றால் டெட்ராசயனோஎத்திலீன். சரி, மோட்டாருக்கு? மூன்றும் வேண்டாம். இடத்தின் பெரும்பகுதியைக் கார்பனும் நைட்ரஜனும் அடைத்துக்கொள்வதால், ஒரே பருமனுக்கு இவற்றின் காந்தமாக்கல் நியோடிமியம் காந்தத்தைவிட மிகவும் குறைவு.