பொறியியல் கலந்தாய்வு: ஏஜென்ட் தேவையே இல்லை

கிண்டி பொறியியல் கல்லூரியிலோ குரோம்பேட்டை எம்ஐடியிலோ பி.இ. சேர வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்கு வாசல் டிஎன்இஏதான், அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு. அக்கா மகளுக்கு விண்ணப்பம் போட்டதிலிருந்து சீட் கிடைக்கும்வரை கூடவே இருந்தேன், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன்.

காரணம், விதிகள் எல்லாமே வெளிப்படை. நுழைவுத்தேர்வு 2007-லேயே போய்விட்டது. பிளஸ் டூவில் கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50, மொத்தம் 200, அதுதான் கட்-ஆஃப். கணிதம் 98, இயற்பியல் 95, வேதியியல் 93 என்றால் 192. கணிதம் 96, இயற்பியல் 97, வேதியியல் 95 வாங்கியவருக்கும் அதே 192தான் வரும், ஆனால் கணிதத்தில் இரண்டு மார்க் கூட இருப்பதால் முதல் ஆள்தான் ரேங்கில் முன்னால் நிற்பார். அதிலும் சமமென்றால் இயற்பியல் என்று அடுத்தடுத்துப் பார்த்து, எதிலுமே பிரிக்க முடியாதபோது கடைசியில்தான் ரேண்டம் எண், அதாவது கணினி குலுக்கல் முறையில் தரும் எண். அந்த எண் வெளியானதும் வீட்டில் எல்லாரும் பதறுவார்கள், அவ்வளவு பதறத் தேவையில்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 69 சதவீத இட ஒதுக்கீடு போக மீதி 31 சதவீதம் எந்தச் சாதிக்கும் எழுதி வைத்த இடமல்ல, பொதுப் போட்டி. பிசி, எம்பிசி, எஸ்சி பிள்ளைகளும் ரேங்க் இருந்தால் அதில் வாங்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு, கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடும். இதைத் தெரியாமல் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் போடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் ஆன்லைனில் வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான் உண்மையான பரீட்சை. எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்க்காரர் ஒருவர், "உங்க கட்-ஆஃபுக்கு கிண்டி கிடைக்காது, அதைப் போட்டு வேஸ்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி ஏதோ ஒரு தனியார் கல்லூரியை முதலிடத்தில் ஏற்றப் பார்த்தார், அதற்குக் காசு வேறு கேட்டார். இது சுத்தப் பொய். கிடைக்காத இடத்தை மேலே போடுவதால் ஒரு நஷ்டமும் கிடையாது, அது இல்லையென்றால் கணினி அடுத்ததைப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் பிடிக்காததை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் நல்ல கல்லூரியை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதனால் ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவு, உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எத்தனை கட்-ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள், பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி கோட் எண்ணையும் சரிபாருங்கள், 1 என்றால் கிண்டி, 4 என்றால் எம்ஐடி, ஒரே மாதிரிப் பெயருள்ள தனியார் கல்லூரிகள் ஏகப்பட்டது இருக்கின்றன.

ஒரு நட்சத்திரம் குறைத்தது தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு நடக்கும் கட்டத்துக்காக. சேர்கிறேன், சேர்ந்துகொண்டு என் பட்டியலில் மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன், இது வேண்டாம் மேலே உள்ளது மட்டும் போதும் என்று பல வழிகள் காட்டுகிறார்கள், அவகாசமோ குறைவு. முதல் தலைமுறையாகக் காலேஜ் போகும் பிள்ளையின் வீட்டில் இதை யார் விளக்குவார்கள்? உறுதி செய்யாமல் விட்டால் கிடைத்த இடமும் போய்விடும், மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பவும் முடியாது. இதை உதாரணத்தோடு எளிய தமிழில் திரையிலேயே போட்டிருக்கலாம்.

சரி, சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டுக்கும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பித்துவிடுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பை வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் டிஎன்இஏ சேவை மையத்துக்கு ஒரிஜினல்களோடு போங்கள், பதிவேற்றம் வரை அங்கேயே செய்துகொள்ளலாம்.